ஜீப்ராவா, பெங்கலீஸா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதத் தபாலில் கிளியும் புறாவும் ஓரமாக ஒதுங்கிக்கொள்ள, ஃபின்ச் எனப்படும், விதை தின்னும் சின்னக் குருவிகள்தான் இடம் பிடித்திருக்கின்றன. அதிலும் ஜீப்ரா ஃபின்ச், பெங்கலீஸ் ஃபின்ச் இந்த இரண்டைப் பற்றித்தான் பெரும்பாலானவர்கள் கேட்டிருக்கிறீர்கள். சரி, பக்கம் முழுவதையும் அவற்றுக்கே கொடுத்துவிடலாம்.

கேள்வி: முதன்முதலாகப் பறவை வளர்க்கப் போகிறேன். ஜீப்ரா ஃபின்ச் வாங்கு என்கிறார் ஒரு நண்பர். பெங்கலீஸ்தான் சாது, அதை வாங்கு என்கிறார் இன்னொருவர். பார்த்தால் இரண்டும் ஒரே அளவாகத்தான் தெரிகின்றன. அப்படி என்ன வித்தியாசம்?

பதில்: அளவைப் பொறுத்தவரை நீங்கள் பார்த்தது சரி. இரண்டுமே சில்லைக் குடும்பத்து விதைதின்னிகள். அலகிலிருந்து வால் நுனிவரை 10, 11 சென்டிமீட்டர்தான் இருக்கும், பெங்கலீஸ் ஒரு சுற்றுப் பெரிதாகத் தெரியலாம். ஆனால் குணத்தில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அது ஏன் என்று தெரிந்துகொண்டால் மற்ற கேள்விகளுக்குப் பாதிப் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

ஜீப்ரா ஆஸ்திரேலியாவின் பறவை. கூண்டுகளில் பல தலைமுறையாக இருந்தாலும், அதே இனம் அங்கே வறண்ட உள்பகுதிகளில் இன்றைக்கும் கூட்டம் கூட்டமாகத் திரிந்துகொண்டிருக்கிறது. எப்போது மழை வரும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலம் அது. மழை பெய்து புல் கதிர் விட்டால் உடனே கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சைப் பறக்கவிட்டாக வேண்டும். குஞ்சும் மூன்று மாதத்தில் தானே ஜோடி சேரத் தயாராகிவிடும். அந்த அவசரம் கூண்டுக்குள்ளும் அதை விடவில்லை. எந்நேரமும் நார் பொறுக்கும், இடத்துக்குச் சண்டை போடும், பொம்மை ஊதல் மாதிரி 'மீப், மீப்' என்று கத்திக்கொண்டே இருக்கும். அது தண்ணீர் குடிப்பதைப் பக்கத்திலிருந்து பாருங்கள். பல பறவைகள் ஒரு வாய் அள்ளித் தலையைத் தூக்கி விழுங்கும். ஜீப்ரா அப்படிச் செய்யாது, புறா மாதிரி அலகைத் தண்ணீரில் வைத்தபடியே உறிஞ்சிவிட்டு நகர்ந்துவிடும்.

பெங்கலீஸ் எந்தக் காட்டிலும் கிடையாது. அது மனிதன் உருவாக்கிய பறவை. அதன் மூதாதை வெண்முதுகுச் சில்லை. இந்தியாவில் தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வழியாகத் தென்சீனா, தைவான்வரை காட்டில் வாழ்கிற, கறுப்பும் பழுப்பும் கலந்த சின்னக் குருவி அது. 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன சில்லைகளைப் பிடித்து வைத்து, அடையில் ஒழுங்காக உட்கார்ந்து குஞ்சைப் பொறுப்பாக வளர்க்கிறவற்றையும் வெள்ளை இறகு கூடியவற்றையும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததில் வந்ததுதான் இன்றைய பெங்கலீஸ். சுமார் 250 ஆண்டுகள் பருந்து பயமில்லை, தீனி தேடும் வேலையில்லை. அதனால்தான் அந்தச் சாது குணம். நான்கைந்து பறவைகளைச் சேர்த்து விட்டால் ராத்திரி எல்லாம் ஒரே கூட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் படுத்துத் தூங்கும்.

என்னைக் கேட்டால் முதல் ஜோடிக்குப் பெங்கலீஸ் என்பேன். வீட்டில் ஓயாமல் ஏதாவது நடந்துகொண்டிருக்க வேண்டும், உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஜீப்ரா. கையில் வந்து உட்காரும் என்று மட்டும் இரண்டிடமும் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: பெங்கலீஸ் ஒரு ஜோடி என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆறு மாதமாகியும் முட்டையே இல்லை. இரண்டும் ஆணாக இருக்குமோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சந்தேகம் நியாயமானது. இந்த விஷயத்தில் பெங்கலீஸை நம்பி யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது, விற்பவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஜீப்ராவில் இந்தத் தொல்லை இல்லை. ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, நெஞ்சில் கறுப்பு வரிகள், விலாவில் செம்பழுப்பின்மேல் வெள்ளைப் புள்ளிகள், அலகு நல்ல சிவப்பு. பெண் சாம்பல் நிறம், அலகு வெளிர் ஆரஞ்சு. முழு வெள்ளை ஜீப்ராவாக இருந்தால் மற்ற அடையாளமெல்லாம் அழிந்துபோய் அலகின் நிறம் மட்டும் மிஞ்சும், அதை வைத்தே சொல்லிவிடலாம். குஞ்சுகளுக்கு அலகு கறுப்பாக இருக்கும்வரை கொஞ்சம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெங்கலீஸில் ஆணும் பெண்ணும் அச்சு அசல் ஒன்றே. சாக்லேட் நிறம், வெளிர் பழுப்பு, வெள்ளை, திட்டுத்திட்டாகக் கலந்தது என்று விதவிதமாக இருந்தாலும் எதுவும் ஆண் பெண் அடையாளம் கிடையாது. ஒரே வழி பாட்டு. ஆண் மட்டும்தான் பாடும். முதலில் இரண்டின் காலிலும் வேறு வேறு நிற வளையம் போடுங்கள், இல்லாவிட்டால் எது பாடியது என்று உங்களுக்கே குழம்பிவிடும். பிறகு இரண்டையும் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தனித்தனிக் கூண்டில் சில மணி நேரம் வைத்துவிட்டுத் திரும்பச் சேருங்கள். ஆணாக இருந்தால் சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே நெஞ்சு இறகைப் புஸ்ஸென்று உப்பி, கம்பில் இப்படியும் அப்படியும் எம்பியபடி பாட ஆரம்பிக்கும். சத்தம் ரொம்பச் சன்னம். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காது கொடுக்க வேண்டும். தொண்டை இறகு துடிப்பதைப் பார்த்தும் சொல்லலாம். இரண்டும் பாடினால் உங்கள் சந்தேகம் சரி. இரண்டும் பாடவில்லை என்றால் உடனே பெண் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், வேறு நாளில் இன்னும் சில தடவை முயன்று பாருங்கள். பாடியதே முடிவான சாட்சி, பாடாதது சாட்சி ஆகாது.

கேள்வி: இரண்டு வகையையும் ஒரே கூண்டில் விடலாமா?

பதில்: பெரிய கூண்டாக இருந்தால் விடலாம், ஆனால் கூடு மட்டும் வைக்காதீர்கள். கூடு என்று ஒன்று வந்துவிட்டால் ஜீப்ரா ஆளே மாறிவிடும். பெங்கலீஸின் கூட்டுப் பெட்டிக்குள் புகுந்து, அடைகாக்கும் பறவையைக் கொத்தி வெளியே தள்ளி, அதன் முட்டைக்கு மேலேயே நாரை அடுக்கித் தன் கூட்டைக் கட்டிவிடும். பெங்கலீஸோ எதிர்த்து ஒரு கொத்துக்கூடக் கொத்தாமல் கம்பில் போய் உட்கார்ந்துவிடும். சண்டை நடந்ததே உங்களுக்குத் தெரியாது, ஒரு நாள் பிடரியில் இறகு காணாமல் போயிருக்கும், அப்போதுதான் புரியும். குஞ்சு வேண்டுமென்றால் ஒரு ஜோடிக்கு ஒரு கூண்டு.

கூண்டு எடுக்கும்போது உயரத்தைப் பார்க்காமல் நீளத்தைப் பாருங்கள். இவை மேலும் கீழும் ஏறுகிற பறவைகள் இல்லை, பக்கவாட்டில் பறக்கிறவை. ஒரு ஜோடிக்கு 75 சென்டிமீட்டர் நீளமாவது இருக்கட்டும். கம்பி இடைவெளி 1.2 சென்டிமீட்டரைத் தாண்டினால் இளம்பறவை தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் ஜீப்ரா ஜோடி முட்டையிட்ட பிறகும் கூடு கட்டுவதை நிறுத்தவில்லை. முட்டைகளை மூடிவிட்டு அதன்மேல் மறுபடி முட்டை இடுகிறது. ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. என்ன நோய் இது?

பதில்: நோயெல்லாம் இல்லை, நீங்கள் தாராளமாக நார் போட்டதுதான் காரணம். கூட்டுப்பொருள் கண்ணில் படும்வரை ஜீப்ரா ஆண் அதை எடுத்துக் கொண்டுபோய்க் கொண்டே இருக்கும். மேலே சொன்னேனே அந்த அவசரம், அதன் இன்னொரு முகம் இது. முட்டை, நார், முட்டை, நார் என்று அடுக்கடுக்காகப் போய், அடியில் இருப்பது சூடு கிடைக்காமல் கெட்டுப்போகும். முதல் முட்டையைப் பார்த்த அன்றே கூண்டிலுள்ள நார், புல், காகிதத் துண்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தரையில் விரித்த காகிதத்தைக்கூடக் கிழித்துக் கொண்டுபோகும், அதற்குமேல் ஒரு கம்பித்தட்டு இருந்தால் நல்லது.

பிறகு நான்கு முதல் ஆறு முட்டை வரும், தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாக்கும், இரண்டு வாரத்துக்குள் பொரிக்கும், பொரித்து மூன்று வாரம் நெருங்கும்போது குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியே வரும். பெங்கலீஸ் எல்லாவற்றிலும் சில நாள் தாமதம், பதறாதீர்கள்.

கேள்வி: பெங்கலீஸ் நல்ல வளர்ப்புத் தாய் என்கிறார்களே, ஜீப்ரா முட்டையை அதனிடம் வைத்துப் பொரிக்க வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். பிற ஃபின்ச்சுகளின் முட்டைக்கு, குறிப்பாகக் கோல்டியன் ஃபின்ச் முட்டைக்கு, பெங்கலீஸை வளர்ப்புப் பெற்றோராக வைப்பது வளர்ப்பவர்களிடையே வழக்கம்தான். யார் முட்டை என்று பார்க்காமல் உட்காரும், யார் குஞ்சு என்று பார்க்காமல் ஊட்டும். ஆனால் இதில் ஒரு வில்லங்கம் உண்டு, அதைப் பலரும் சொல்வதில்லை.

கிளவுஸ் இம்மெல்மான் என்ற ஜெர்மன் விலங்கியலாளர் 1960களில் இதே இரண்டு இனங்களை வைத்துத்தான் ஆராய்ந்தார். பெங்கலீஸ் வளர்த்த ஜீப்ரா ஆண் குஞ்சுகள் பெரிதானதும், ஒரு பக்கம் ஜீப்ரா பெண், இன்னொரு பக்கம் பெங்கலீஸ் பெண் என்று வைத்தால், பெங்கலீஸிடம் போய்த்தான் பாடின. சொந்த இனத்துப் பெண்ணைத் திரும்பியும் பார்ப்பதில்லை. வளர்த்த தகப்பனின் பாட்டையே கற்றும் வைத்திருந்தன. சின்ன வயதில் யார் ஊட்டினார்களோ அவர்களே தன் இனம் என்று ஆழமாகப் பதிந்துவிடுகிறது, பிறகு ஜீப்ராக்களோடேயே வாழ்ந்தாலும் அது லேசில் போவதில்லை.

ஆகவே தாய் செத்துப்போனது, அடையைக் கைவிட்டது மாதிரி வேறு வழியில்லாத நேரத்தில் மட்டும் செய்யுங்கள். சும்மா அதிகக் குஞ்சு எடுக்கலாம் என்ற கணக்கில் செய்தால், நாளைக்கு ஜோடி சேராத ஆண்கள்தான் கையில் மிஞ்சும். ஜீப்ராவே தன் குஞ்சை நன்றாக வளர்க்கும், அதற்கு ஆயா தேவையில்லை.

கேள்வி: ஜீப்ராவும் பெங்கலீஸும் தனித்தனிக் கூண்டுகளில் இருக்கின்றன. ஜீப்ரா தினமும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறது, பெங்கலீஸ் பாட்டு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறுவதுபோல் இருக்கிறது. என் காதில் கோளாறா?

பதில்: உங்கள் காதுக்கு ஒரு சபாஷ். இந்தக் கேள்விக்காகவே ஆராய்ச்சிக்கூடங்களில் இந்த இரண்டு பறவைகளையும் பல ஆண்டுகளாக வளர்க்கிறார்கள்.

ஜீப்ரா ஆணுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு பாட்டு. ஏறக்குறைய ஒரு நொடி நீளமுள்ள துண்டு, அதைத் திருப்பித் திருப்பிப் பாடும், ஒலிகளின் வரிசை மாறாது. பொரித்து ஒரு மாதம் ஆவதற்கு முன்பே தகப்பன் பாடுவதைக் கேட்டு மனதில் வாங்க ஆரம்பித்து, முதலில் மழலையாக முனகி, மூன்று மாதத்துக்குள் தன் பாட்டைக் கெட்டியாக்கிவிடும். அதன்பிறகு புதிதாக ஒன்றும் சேராது. மனிதக் குழந்தை பேசக் கற்பதற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையால்தான் ஜீப்ராவுக்கு இவ்வளவு மதிப்பு. கோழிக்கு அடுத்தபடியாக மரபணுத் தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்ட பறவை இதுதான், 2010இல் வெளியானது.

பெங்கலீஸ் கதை வேறு. அதனிடமும் குறிப்பிட்ட சில ஒலிகள்தான் உண்டு, ஆனால் இந்த ஒலிக்கு அடுத்து இதுவும் வரலாம், அதுவும் வரலாம் என்று வழிகள் பிரியும். அதனால் ஒவ்வொரு தடவையும் வரிசை கொஞ்சம் புரளும், நீங்கள் கேட்டது அதைத்தான். ஜப்பானிய ஆய்வாளர் கசுவோ ஒக்கனோயா பெங்கலீஸையும் அதன் காட்டு மூதாதையான வெண்முதுகுச் சில்லையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். காட்டுச் சில்லையின் பாட்டு நேர்கோட்டில் போகிறது, கூண்டில் பிறந்ததுதான் கிளை கிளையாகப் பாடுகிறது. காட்டில் தன் இனத்தை அடையாளம் காட்டும் பாட்டு பிசகக் கூடாது, பிசகினால் ஜோடி கிடைக்காது. கூண்டில் அந்தக் கெடுபிடி தளர்ந்ததால் பாட்டும் தளர்ந்து விரிந்தது என்பது அவர் சொல்லும் காரணம். எனக்கு இது நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. வளர்ந்த ஆணுக்குக் காது கேட்காமல் போனால் பெங்கலீஸின் பாட்டு ஒரு வாரத்திலேயே குலைய ஆரம்பிக்கிறது, ஜீப்ராவின் பாட்டு தாக்குப்பிடித்துப் பல வாரங்கள் கழித்துத்தான் மெல்லச் சிதைகிறது. அதாவது பெங்கலீஸ் தான் பாடுவதைத் தானே கேட்டுக் கேட்டுத்தான் பாடுகிறது.

கேள்வி: இடம் குறைவு. ஒன்றே ஒன்று வாங்கலாமா? எந்த வகை தனியாக இருக்கும்?

பதில்: எதுவும் இருக்காது. வாங்காதீர்கள்.

கேள்வி: இரண்டு நாள் வெளியூர் போய்த் திரும்பினால் ஜீப்ரா ஜோடியில் ஒன்று இறந்து கிடந்தது. தீனிக் கிண்ணம் நிறைய இருந்தது, தண்ணீரும் இருந்தது. எதனால் இருக்கும்?

பதில்: மன வருத்தமான விஷயம்தான். பறவையைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், கிண்ணம் "நிறைய" இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. ஃபின்ச் விதையை முழுதாக விழுங்காது. அலகுக்குள் உருட்டி, உமியை உரித்து, உள்ளிருக்கும் பருப்பை மட்டும் தின்றுவிட்டு உமியை அதே கிண்ணத்திலேயே உதிர்க்கும். ஒரு நாள் போனால் மேலே முழுக்க உமி மூடியிருக்கும், பார்ப்பதற்குத் தினை நிறைய இருப்பதுபோலவே தெரியும். கையில் கொஞ்சம் அள்ளி மெதுவாக ஊதிப் பாருங்கள், பறந்துபோவது எவ்வளவு, உள்ளங்கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று தெரியும். பன்னிரண்டு பதினைந்து கிராம் உடம்பில் சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது, ஒரு நாள் பட்டினியே ஆபத்து. தினமும் உமியை ஊதிவிட்டுப் புதுத் தீனி போடுங்கள், ஊருக்குப் போனால் யாராவது வந்து பார்க்கும்படி ஏற்பாடு செய்யுங்கள், இரண்டு மூன்று இடத்தில் அகலமான தட்டுகளில் தீனி வையுங்கள். இது இரண்டு வகைக்கும் பொது.

அப்புறம், மிச்சமிருக்கும் பறவைக்குச் சீக்கிரம் துணை தேடுங்கள்.

கேள்வி: வெயில் காலத்தில் ஜோடி சேர்க்கலாமா? குஞ்சுகள் தாங்குமா?

பதில்: பெங்கலீஸுக்குக் கடும் வெயிலில் வேண்டாம், கூடு மூடிய பெட்டியாக இருப்பதால் உள்ளே புழுங்கிவிடும். ஜீப்ரா வெயிலுக்குப் பழகிய இனம். பழகிய என்றால் எந்த அளவுக்கு என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் மைலீன் மரியட், கேத்தரின் புக்கானன் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பம் 26 டிகிரியைத் தாண்டும் நாள்களில், முட்டை பொரிக்கச் சில நாள்களே இருக்கும்போது, அடையில் இருக்கும் ஜீப்ரா ஒரு தனிக் குரலில் முட்டையைப் பார்த்துக் கூப்பிடுகிறது என்று கண்டார்கள். ஓட்டுக்குள்ளிருந்து அந்தக் குரலைக் கேட்ட குஞ்சுகள், பொரித்த பிறகு சூட்டில் மெதுவாக, சின்ன உடம்போடு வளர்ந்தன. பெரியவையான பிறகு அவை அதிகக் குஞ்சுகளும் எடுத்தன. வெளியே வெயில் என்று வயிற்றிலேயே சேதி சொல்லிவிடுகிற மாதிரி! அதற்காகக் கூண்டை மொட்டை வெயிலில் வைத்துவிடாதீர்கள். குளிக்கத் தட்டில் தண்ணீர், ஒரு பக்கமாவது நிழல், இரண்டும் கட்டாயம்.

கேள்வி: எங்கள் பெண் பெங்கலீஸ் நேற்றிலிருந்து கூண்டின் தரையில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பறக்க மாட்டேன் என்கிறது. இந்த வருடம் தொடர்ந்து முட்டையிட்டுக்கொண்டே இருந்தது.

பதில்: முட்டை உள்ளே அடைத்துக்கொண்டிருக்கலாம். இதைப் படிக்கும்போதே இதே நிலையில் யார் வீட்டிலாவது பறவை இருந்தால், பத்திரிகையை மூடிவிட்டு முதலில் பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். போகும்வரை சின்னப் பெட்டியில் 30 டிகிரி அளவுக்கு இதமான சூட்டில், இருட்டாக, சத்தமில்லாமல் வையுங்கள். வயிற்றை அமுக்கி முட்டையை வெளியே தள்ளப் பார்க்காதீர்கள். உள்ளே உடைந்தால் பறவை பிழைக்காது.

இது வராமல் தடுக்க ஒன்று சுண்ணாம்புச் சத்து. கணவாய் ஓடு எப்போதும் கம்பியில் மாட்டியிருக்கட்டும், கோழி முட்டை ஓட்டை வேகவைத்து நொறுக்கியும் கொடுக்கலாம். இரண்டாவது, ஓய்வு. வருடத்தில் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று ஈடு (ஒரு தடவை முட்டையிட்டு அடைகாப்பது ஓர் ஈடு) போதும், பிறகு கூட்டை எடுத்துவிடுங்கள். ஜீப்ரா கூட்டை எடுத்தாலும் தீனித் தட்டிலேயே முட்டையிடும், அப்போது ஆணையும் பெண்ணையும் சில வாரம் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் பிரித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. பெங்கலீஸ் அவ்வளவு அடம் பிடிக்காது, கூடு போனால் பேசாமல் கம்பில் வரிசையாக உட்கார்ந்துகொள்ளும்.